பக்கத்து ஆஸ்பத்திரியா, பெரியாஸ்பத்திரியா? ஆம்புலன்ஸ் ஊழியர் எப்படி முடிவெடுக்கிறார்?

ஆட்டையாம்பட்டி என்றாலே முறுக்குதான் நினைவுக்கு வரும். வீட்டுக்கு வீடு அடுப்பு, அடுப்பின் மேல் கொதிக்கும் எண்ணெய். ஒரு நாள் ஒரு பெண்ணின் முழங்கையில் எண்ணெய் தெறித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கை அளவுக்கும் குறைவான காயம். 108 வருகிறது. ஊழியர் பார்த்துவிட்டு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும் என்கிறார். உறவினர்களோ, "நேரா சேலம் பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க" என்று வண்டியை மறிக்கிறார்கள்.

இன்னொரு நாள் ஒரு பெரியவர் பைக்கிலிருந்து விழுகிறார். வெளிக்காயம் எதுவும் இல்லை. ஒருமுறை வாந்தி எடுத்தார், பேச்சு சற்றுக் குழறுகிறது. ஊழியர் சேலத்துக்குப் போக வேண்டும் என்கிறார். குடும்பத்தார், "ரத்தமே வரலையே, இங்கேயே காட்டிக்கிறோம்" என்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் ஊழியர் சொன்னதே சரி. காயத்தின் கோரத்தை வைத்து நாம் பயப்படுகிறோம், அவர்கள் உயிருக்கு உள்ள ஆபத்தை வைத்துக் கணிக்கிறார்கள். இந்த வேறுபாடு புரியாததால் வண்டி வாசலிலேயே நின்று, பொன்னான நிமிடங்கள் வீணாகின்றன.

வண்டியில் இருப்பவர் யார்?

தமிழகத்தில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநருடன் பயிற்சி பெற்ற அவசரகால மருத்துவ நுட்புநர் ஒருவர் இருப்பார். சுவாசம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றை அவர் முதலில் பார்ப்பார். தேவைப்பட்டால் கட்டுப்பாட்டு மையத்திலுள்ள மருத்துவரிடம் போனில் ஆலோசனை கேட்பார். அதன்பிறகே எங்கே போவது என்ற முடிவு.

அரசு மருத்துவமனைகளின் விபத்து சிகிச்சைப் பிரிவுகளிலும் இதே கணக்குதான். உடனடி ஆபத்தில் இருப்பவருக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், சிறு காயத்துக்குப் பச்சை. பச்சைப் பிரிவில் வரவேண்டியவர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினால் அங்கே காத்திருக்கத்தான் வேண்டும். முதலில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை என்ற முறை அங்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. இங்கிருந்து சேலம் சுமார் 20 கிலோமீட்டர். போய், நோயாளியை ஒப்படைத்து, திரும்பி வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அந்த நேரத்தில் நம் பகுதியில் வேறொருவருக்கு மாரடைப்பு வந்தால், அவருக்கான வண்டி இன்னும் தூரத்திலிருந்து வர வேண்டியிருக்கும்.

இங்கிலாந்திலும் இதே பிரச்சினை எழுந்தது. அங்கே சிறு காயங்களுக்கென்று தனிச் சிகிச்சை மையங்கள் உள்ளன. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் நோயாளிகளை நேராக அங்கே கொண்டுபோவது பற்றி 2004-ல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கே போனவர்கள் குறைவாகக் காத்திருந்தார்கள், கூடுதல் திருப்தியும் அடைந்தார்கள். ஆனாலும் அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் மிகக் குறைவு.

சிறிய இடம் என்றால் சிறிய நோய்க்கு மட்டுமா?

இல்லை. இதை நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நெஞ்சுவலி வந்தவரை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டு அழைத்துப்போவது தாமதம் என்று நினைக்கிறோம். ஆனால் 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறி உள்ளவருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தும் நாய்க்கடி ஊசியும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பு வைக்கப்படுகின்றன. எனவே ஊழியர் வழியில் நிறுத்தினால் அதற்குக் காரணம் இருக்கும்.

எதற்கு எங்கே?

சிறு வெட்டு, சிராய்ப்பு, சுளுக்கு, சிறிய தீக்காயம், மயக்கமில்லாத காய்ச்சல் ஆகியவற்றுக்கு அருகிலுள்ள சுகாதார நிலையம் போதும்.

தலையில் அடிபட்டு வாந்தி அல்லது மயக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை செயலிழத்தல், பேச்சுக் குழறல், நிற்காத ரத்தப்போக்கு, தொடை எலும்பு முறிவு, முகத்திலோ உடலில் பெரும்பகுதியிலோ தீக்காயம் என்றால் ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் உள்ள இடம் வேண்டும். நமக்கு அது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு அங்குள்ள அரசு மருத்துவமனைகளும் நாமக்கல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன.

வண்டி வரும்வரை நம் கையிலும் வேலை இருக்கிறது. எண்ணெய் பட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட வேண்டும். பேஸ்ட், இங்க், மாவு எதையும் தடவக் கூடாது. தறியில் விரல் துண்டானால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது.

பணமும் போலீஸும்

சாலை விபத்தில் சிக்கியவரைத் தொடப் பலர் இன்னும் தயங்குகிறார்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழகச் சாலைகளில் காயமடையும் எவருக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை தேவையில்லை, எந்த மாநிலத்தவர் என்ற கேள்வியும் இல்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

நமது பொறுப்பு

நம் சமுதாய அமைப்புகளும் தமிழகம் முழுக்க ஆம்புலன்ஸ் சேவை செய்துவருகின்றன. அல்ஹம்துலில்லாஹ், சாதி மத பேதமின்றி அவை ஓடுகின்றன. ஆனால் ஓட்டுநர் மட்டுமே உள்ள வண்டியில், எங்கே போவது என்ற முடிவு அவர் தலையிலும் பதற்றத்தில் இருக்கும் குடும்பத்தின் தலையிலும் விழுகிறது. எனவே அந்த ஓட்டுநர்களுக்கு முதலுதவிப் பயிற்சி தர ஜமாஅத்துகள் ஏற்பாடு செய்யலாம். எந்த அறிகுறிக்கு எந்த மருத்துவமனை என்ற பட்டியலைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒரு மருத்துவரைப் பேசச் சொல்லலாம்.

ஓர் உயிரைக் காப்பதை நம் மார்க்கம் எவ்வளவு உயர்வாக மதிக்கிறது என்பது நாம் அறிந்ததே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் இது. அடுத்தமுறை 108 வாசலில் நிற்கும்போது, நடந்ததை மறைக்காமல் சொல்வோம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக் கூறுவோம், வண்டி போக வழிவிடுவோம். குணமளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம் அனைவரையும் விபத்துகளிலிருந்தும் நோய்களிலிருந்தும் பாதுகாப்பானாக.