பொருத்தம் பார்த்துக் கட்டும் கணினி

வல்வெட்டித்துறையில் உருவான பாய்க்கப்பல்களுள் "அன்னபூரணி" பெரும்புகழ் பெற்றது. இவ்வூர்க் கைவினைஞர் கட்டிய அக் கப்பலை வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அது சமுத்திரங்களைக் கடந்து 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கப்பற் கலையின் அடிப்படை யாதெனில், உடலுக்கேற்ற பாய்மரம், மரத்துக்கேற்ற பாய், பாய்க்கேற்ற கயிறு என ஒவ்வொன்றும் மற்றொன்றை அளந்தே அமைதல் வேண்டும் என்பதாம். பாய் பெரிதாகி மரம் மெலிந்தால் முதற் புயலிலேயே கதை முடிந்துவிடும்.

இக்காலத்து இளைஞரை ஈர்க்கும் கட்டுமானம் வேறு. கணினியின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, வீட்டு மேசையில் தாமே பூட்டி, விளையாட்டுகளுக்கு உகந்த ஒரு பொறியை ஆக்குவது அவர்தம் பெருவிருப்பம். "விளையாட்டா?" என்று பெற்றோர் சிலர் முகஞ்சுளிப்பர். ஆயினும், விளையாட்டுக்கென நன்கு அமைத்த கணினி உயர்தர மாணவரின் தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கும், பொறியியற் படம் வரைவதற்கும், கலியாண வீட்டு வீடியோவைத் தொகுப்பதற்கும் அப்படியே உதவும். விளையாடும் நேரத்தை வரையறுப்பது வீட்டாரின் கடமை. பொறியைப் பழுதற அமைப்பது எங்ஙனம் என்பதே நாம் ஈண்டு கூற விழைவது.

இதில் பணயம் வைக்கப்படுவது குடும்பத்தின் பணமாகும். அது தந்தை கடலோடிச் சேர்த்ததாக இருக்கலாம். தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்ததாக இருக்கலாம். இலண்டனிலோ கனடாவிலோ உழைக்கும் மாமா அனுப்பியதாக இருக்கலாம். கொழும்பிலிருந்து தருவித்த உறுப்பொன்று பொருந்தவில்லையெனில், பெட்டியைப் பிரித்தபின் அதைத் திருப்பிக் கொடுப்பது எளிதன்று. ஆகவே, கலியாணத்துக்குச் சாதகம் பார்ப்பது போலக் கணினிக்கும் வாங்குமுன்னரே பொருத்தம் பார்த்தல் வேண்டும்.

திரையும் திறனும்

"மிகச் சிறந்த கிராபிக்ஸ் கார்ட் எது?" என்று தொடங்குவதே பலருடைய வழக்கம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தத் திரையில் பார்க்கப் போகிறோம்?" என்பதே. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்டு, செக்கனுக்கு 60 தடவை படம் மாற்றும் திரை ஒன்று வீட்டில் உள்ளதென்க. செக்கனுக்கு 150 படங்களை ஆக்கும் கார்டை அதனுடன் இணைத்தாலும் திரை காட்டுவது 60 மட்டுமே. எஞ்சிய திறனுக்குக் கொடுத்த பணம் கடலிற் கரைத்த பெருங்காயமாகும். இத்தகைய திரைக்கு, 2023இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற நடுத்தர கார்டும், ஆறு கோர்கள் கொண்ட ஒரு புரொசசரும் தாராளமாகப் போதும்.

புரொசசரும் மதர்போர்டும்

புரொசசர் அமரும் இடத்துக்குச் சொக்கெட் என்று பெயர். ஏஎம்டி நிறுவனம் 2016இல் ஏஎம்4 என்னும் சொக்கெட்டையும், 2022இல் ஏஎம்5 என்னும் சொக்கெட்டையும் கொணர்ந்தது. முன்னதில் 1331 ஊசிகள். அவை புரொசசரின் அடியில் உள்ளன. பின்னதில் 1718 தொடுமுனைகள். ஊசிகள் மதர்போர்டிலேயே உள்ளன. ஒன்றுக்குரியது மற்றொன்றில் அமராது. இன்ரெல் நிறுவனத்தின் 12ஆம், 13ஆம், 14ஆம் தலைமுறைப் புரொசசர்களுக்கு எல்ஜிஏ 1700 என்னும் சொக்கெட் வேண்டும். 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு எல்ஜிஏ 1851 வேண்டும்.

சொக்கெட் ஒன்றாயிருப்பது மட்டும் போதாது என்பதையும் மாணவர் அறிதல் நன்று. இன்ரெலின் 6ஆம், 7ஆம் தலைமுறைகளும் 8ஆம், 9ஆம் தலைமுறைகளும் எல்ஜிஏ 1151 என்னும் ஒரே பெயருள்ள சொக்கெட்டையே கொண்டவை. எனினும் முன்னவற்றுக்குரிய பலகையில் பின்னவை இயங்குவதில்லை. பாவித்த பொருள் வாங்குவோர் இதில் ஏமாறுதல் கூடும். அன்றியும், 12ஆம் தலைமுறைக் காலத்துப் பலகை 14ஆம் தலைமுறைப் புரொசசரை ஏற்பதற்கு, அதன் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தல் வேண்டும். பலகை செய்த நிறுவனம் தன் இணையத்தளத்தில், எந்தப் புரொசசருக்கு எந்தப் பயாஸ் தேவை எனப் பட்டியல் தந்திருக்கும். அதனைப் பார்க்காமல் வாங்குதல் ஆகாது.

இன்ரெல் புரொசசரின் பெயர் 'எஃப்' என முடியின், பொதுவாக அதற்குத் தானே படம் காட்டும் ஆற்றல் இல்லை. கிராபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்கலாம் என்று எண்ணி ஐ5 12400எஃப் வாங்கிய மாணவன், கார்ட் வரும்வரை கரிய திரையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

நினைவகம்

றாம் என்னும் நினைவகத்தில் டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரண்டும் சாதாரண மேசைக் கணினிகளுக்கு 288 முனைகள் கொண்ட பட்டையாகவே வருகின்றன. பார்வைக்கு இரட்டையர் போல் இருப்பினும், நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைந்துள்ளது. பலவந்தமாக அழுத்தினால் பலகை உடையுமேயன்றிப் பொருந்தாது. ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்பன. எல்ஜிஏ 1700 பலகைகளிலோ இருவகையும் உண்டு. ஆதலால் பலகையின் முழுப்பெயரையும் வாசித்தறிதல் வேண்டும். 16 ஜிபி வேண்டுமெனில் ஒரே பட்டையாக வாங்காது, 8 ஜிபி பட்டைகள் இரண்டாகச் சோடி சேர்த்து வாங்குக. இருவழிப் பாதையில் தரவு செல்வதால் விளையாட்டின் ஓட்டம் சீராகும்.

உடலளவு

மதர்போர்டுகளுள் ஏரிஎக்ஸ் என்பது 305க்கு 244 மில்லிமீற்றர்; மைக்றோ ஏரிஎக்ஸ் 244க்கு 244; மினி ஐரிஎக்ஸ் 170க்கு 170. பெரிய கேசிங்கில் சிறிய பலகை அமரும்; சிறிய கேசிங்கில் பெரிய பலகை அமராது. கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும், புரொசசரின் மேல் நிற்கும் விசிறியின் உயரத்தையும் கேசிங்கின் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வெளிநாட்டு மாமா அன்போடு கொண்டுவந்த 330 மில்லிமீற்றர் நீளக் கார்ட், 300 மில்லிமீற்றர் இடமுள்ள கேசிங்கின் முன் செயலற்றுக் கிடக்கும். அலுவலகங்கள் கழித்துவிட்ட மெல்லிய கணினிகளை மலிவாக வாங்குவோரும் இதனைக் கவனிக்க. அவற்றுட் பலவற்றில் குட்டையான கார்ட் மட்டுமே அமரும். மின்வழங்கியும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய தனி வடிவில் இருக்கும்.

மின்சாரமே உயிர்

1990இல் மின்சாரம் நின்றுபோன பின்னர், யுத்த காலத்துக் குடாநாட்டு மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அந்தத் தலைமுறைக்கு மின்பொருத்தம் பற்றி நாம் கற்பிக்க வேண்டியதில்லை. சைக்கிள் விளக்குக்குரிய டைனமோ பெரும்பாலும் 6 வோல்ற்று. ஒன்றரை வோல்ற்று பற்றறி நான்கு போடும் வானொலிக்கும் வேண்டுவது 6 வோல்ற்று. டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். இடையில் டயோட் வேண்டும். தருவோனும் பெறுவோனும் ஒத்துப்போதல் என்னும் அதே நியாயந்தான் இங்கும் நிலவுகின்றது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏஎம்டி றைசன் 5 7600 புரொசசருக்குக் குறித்த அளவு 65 வாட். முழுவேலையில் ஏறத்தாழ 88 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். பலகை, நினைவகம், சேமிப்பகம், விசிறிகள் யாவுக்கும் 60 வாட் என வைப்போம். கூட்டினால் 263 வாட். திடீர் ஏற்றத்துக்கும் நாளைய வளர்ச்சிக்கும் இடம் விட்டு, தரமான 550 வாட் பவர் சப்ளை வாங்குவது தக்கது. பெயரறியா மலிவுப் பெட்டியின் மேல் 700 என அச்சிட்டிருப்பதை நம்பற்க. அது கருகும்போது தான் மட்டும் கருகாமல் ஏனைய உறுப்புகளையும் அழைத்துச் செல்லக்கூடும். மிச்சம் பிடிப்பதாயின் வண்ண விளக்குகளிற் பிடிக்கலாம். இதில் மட்டும் வேண்டா.

இன்னுமொன்று: கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, நமக்கு 230 வோல்ற்று. பழைய பவர் சப்ளைகள் சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 எனக் குறித்த சிறு ஆளி இருக்கும். அதனை 115இல் விட்டபடி இங்குள்ள பிளக்கிற் செருகினால் அக்கணமே வெடிக்கும்.

மின்வெட்டுக்காக யூபிஎஸ் வாங்குவோர், 650 விஏ என எழுதியிருப்பதை 650 வாட் எனக் கொள்ளற்க. அத்தகையவை பல ஏறத்தாழ 360 வாட்டையே தாங்கும். திரையையும் சேர்த்தால் நம் கணினி அந்த எல்லையை அணுகிவிடும். ஆதலால் மின்சாரம் நின்றதும் செய்ய வேண்டியது, வேலையைச் சேமித்துப் பொறியை நிறுத்துவதே; விளையாட்டைத் தொடர்வதன்று.

கடற்காற்று

வல்வெட்டித்துறை வீடுகளுக்கு ஒரு தனிப் பொருத்தமும் உண்டு. வாடைக்காற்று சுமந்துவரும் உப்பும் ஈரமும் உலோக முனைகளை அரிக்கும். கணினியைக் கடலை நோக்கிய யன்னலின் அருகே வைத்தல் ஆகாது. கேசிங்கில் தூசி வடிகட்டி இருத்தல் நன்று; மாதமொருமுறை மென்தூரிகையால் துடைத்தல் அதனினும் நன்று. இடிமுழக்கம் கேட்டதும் மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுக. நிலத்தொடுப்பு இல்லாத பிளக்கை மின்தொழிலாளியைக் கொண்டு முதலிற் சீராக்குக.

தாளும் தகப்பனும்

ஒரு தாளை எடுத்து, எட்டு உறுப்புகளின் முழுப் பெயரையும் எழுதுக: புரொசசர், மதர்போர்ட், றாம், கிராபிக்ஸ் கார்ட், சேமிப்பகம், பவர் சப்ளை, கேசிங், திரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றைய விலையையும், அது எதனோடு எதனாற் பொருந்துகின்றது என்பதையும் குறிக்குக. உறுப்புகளை மாதத்துக்கு ஒன்றாக வாங்காமல் இயன்றவரை ஒருசேர வாங்குக. முதலில் வாங்கியது பழுதெனக் கடைசி உறுப்பு வந்தபின் தெரியவருமாயின், மாற்றித்தரும் காலம் கடந்திருக்கும். பற்றுச்சீட்டையும் பெட்டிகளையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை பேணுக. கேசிங்கினுள் திருகுமுன், மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து இயக்கிப் பார்த்தல் கைதேர்ந்தோர் வழக்கம்.

அந்தத் தாளைப் பிள்ளை தகப்பனிடம் கொடுக்கட்டும். கணினி அறியாத தகப்பனாயினும், "இது ஏன்? இதற்கு மாற்று இல்லையா?" என்று வரிவரியாகக் கேட்கலாம். மகனோ மகளோ ஒவ்வொன்றுக்கும் தயங்காது விடைகூற இயலுமாயின், அப்போது பணத்தைக் கொடுக்கலாம். விடை வராத வரியில் விரலை வைத்து, "இதனை அறிந்துகொண்டு வா" என்று திருப்பி அனுப்புவதும் பெற்றோர் செய்யத்தக்க உதவியே.