நிலவுக்கு மேலே கறுத்த வானம்

1941 நவம்பரில் ஒரு மாலை, நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் அருகே காரை நிறுத்திய அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை அவசரமாக முக்காலியில் ஏற்றினார். கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில், கிழக்கே நிலா. ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாச அளவு மனப்பாடம் என்பதால் அதைக்கொண்டே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். அடுத்ததை எடுக்குமுன் சிலுவைகளில் வெயில் போய்விட்டது. எல்லோரும் சொல்லும் கதை இது. ஆனால் அந்தப் படம் கலையானது, நெகட்டிவிலிருந்து தாளில் அச்சிடும் இருட்டறையில்தான் என்பதற்கு அவருடைய பிரிண்டுகளே சாட்சி. ஆரம்ப கால பிரிண்டுகளில் மேல்வானத்தில் மேகக் கீற்றுகள் தெரிகின்றன; பிற்காலத்தவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. நெகட்டிவ் ஒன்றேதான்.

படத்தைப் பெரிதாக்கும் கருவியான என்லார்ஜரின் ஒளி நெகட்டிவ் வழியாகத் தாளில் விழும்போது, எங்கே அதிகம் விழுகிறதோ அங்கே கறுப்பு கூடும். வானத்தைக் கறுக்க வைக்க, மற்ற பகுதியை அட்டையால் மறைத்து வானத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒளி காட்ட வேண்டும். அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் நின்றாலும் அதன் விளிம்பு தாளில் கோடாகப் பதிந்துவிடும். ஹெர்னாண்டஸ் நெகட்டிவில் ஊரும் முன்நிலமும் வெளிறிக் கிடந்ததால், 1948இல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து அடர்த்தி ஏற்றினார் ஆடம்ஸ்.

இது இயற்கையைத் திரிப்பதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் திரிக்காத கறுப்பு வெள்ளைப் படம் என்று ஒன்று கிடையாது. நிறம் முதலிலேயே போய்விடுகிறது. வெயிலில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கலாம். தாள் காட்டக்கூடியது ஏறத்தாழ நூறு மடங்கு. எதை விடுவது, எதைக் காப்பது என்று யாராவது முடிவு செய்தே ஆக வேண்டும். ஆடம்ஸ் தாமே செய்தார். இதையெல்லாம் இன்று கணினியில் நொடியில் செய்யலாமே என்றால், செய்யலாம். அதற்கான மென்பொருள்களே டாட்ஜ் (ஒளியை மறைத்து வெளிறச் செய்வது), பர்ன் (ஒளியைக் கூட்டிக் கறுக்கச் செய்வது) என்ற இருட்டறைப் பெயர்களைத்தான் வைத்திருக்கின்றன. கை மாறியிருக்கிறது, எவ்வளவு கறுப்பு போதும் என்று தீர்மானிக்கும் கண்ணின் வேலை மாறவில்லை. அந்தக் கண்ணையும் ஈரத்தாள் ஏமாற்றும்: ரசாயன டிரேயில் பளிச்சென்று தெரியும் வெள்ளை, காய்ந்ததும் மங்கும். அதனால் ஆடம்ஸ் சோதனைத் துண்டுகளை மைக்ரோவேவ் அடுப்பில் காயவைத்துப் பார்த்த பிறகே, எத்தனை நொடி ஒளி காட்டுவது என்று முடிவு செய்தார்.