விழியைத் தள்ளும் கட்டி

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ, 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ ஆவடி, அம்பத்தூர் பக்கத்திலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் கண்புரைக்காகவோ கண்ணாடிக்காகவோ போகிறவர்கள். ஒரு கண் மட்டும் துருத்திக்கொண்டு வருகிறது என்று வருபவர் அபூர்வம். அவரிடம் டாக்டர் கேட்பது பழைய போட்டோ. கல்யாண ஆல்பம் இருந்தால் இன்னும் நல்லது. எந்த வருடம் கண் நகரத் தொடங்கியது என்று அதில் தெரிந்துவிடும்.

கண்குழி ஏழு எலும்புகள் சேர்ந்த கூம்பு. கொள்ளளவு சுமார் 30 மி.லி.; அதில் விழிக்கோளம் ஏறக்குறைய 7 மி.லி.தான். மீதி இடம் தசைக்கும் கொழுப்புக்கும் நரம்புக்கும். மூன்று பக்கம் சுவரும் முன்னால் மட்டும் திறந்த ஷட்டருமாக இருக்கும் கடை மாதிரி. உள்ளே சரக்கு கூடினால் வாசலுக்குத்தான் வரும்.

தள்ளும் திசையே முதல் துப்பு. விழி நேராக முன்னால் வந்தால் கட்டி விழிக்குப் பின்னால், தசைகளுக்கு நடுவே இருக்கலாம். கீழேயும் மூக்குப் பக்கமும் சரிந்தால் மேல் மூலையில் உள்ள கண்ணீர்ச் சுரப்பியைச் சந்தேகிப்பார்கள். ஹெர்டெல் என்ற அளவுகோலைக் கண்ணோரத்து எலும்பில் பதித்துப் பார்க்கையில் இரு கண்களுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன்தான். துருத்திய கண்ணெல்லாம் கட்டி அல்ல. பெரியவர்களுக்குக் கண் துருத்த முதல் காரணம் தைராய்டு கோளாறு.

கட்டிதான் என்றால் உடனே கொஞ்சம் கிள்ளி பயாப்சிக்கு அனுப்பிவிடலாமே? இங்கேதான் கை தயங்க வேண்டும். கண்ணீர்ச் சுரப்பியில் வலியில்லாமல், ஒரு வருடத்துக்கும் மேலாக மெல்ல வளரும் ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்ற புற்றல்லாத கட்டியைக் கிள்ளவே கூடாது. உறை கிழிந்தால் சிதறிய செல்கள் பல வருடம் கழித்து மீண்டும் முளைக்கும்; சில சமயம் புற்றாகவும் மாறும். அதை உறையோடு முழுசாக எடுப்பதுதான் முறை. அதே சுரப்பியில் சில மாதங்களிலேயே வலியோடு வளர்ந்தால் பயாப்சி அவசியம்: அடினாய்ட் சிஸ்டிக் புற்று நரம்பு வழியாக ஊர்ந்து பரவும், வலிக்குக் காரணமும் அதுதான்.

குழந்தைகளிடம் நிலைமை தலைகீழ். ராப்டோமயோசர்கோமா என்ற புற்று சில நாட்களிலோ சில வாரங்களிலோ கண்ணை வீங்கவைக்கும். பந்து பட்டது, கிருமி தொற்றியது என்று வீட்டில் நினைத்துக் காத்திருப்பதுதான் ஆபத்து. பயாப்சியைத் தள்ளிப்போடவே கூடாது. ஒரு காலத்தில் கண்குழியையே முழுக்கக் குடைந்தெடுத்தார்கள், அப்படியும் பல குழந்தைகள் பிழைக்கவில்லை. இன்று கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்து, நோய் கண்குழியைத் தாண்டாதவரை, பத்தில் ஒன்பது பேரைக் காப்பாற்றுகின்றன. பெரும்பாலும் கண்ணையும் சேர்த்து.

கண்குழியின் வெளிச்சுவர் எலும்பைத் திறந்து உள்ளே போகும் வழியை 1888-இல் சூரிச்சில் க்ரோன்லைன் என்ற அறுவை மருத்துவர் காட்டினார். இப்போது மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பும் போகிறது. ஆனால் பார்வை நரம்பின் உறையில் வளரும் மெனிஞ்சியோமாவில் கத்தி வைத்தால் நரம்பின் ரத்த ஓட்டம் தடைபட்டுப் பார்வையே போய்விடக்கூடும். அதற்குக் கதிர்வீச்சுதான். தொந்தரவு தராத ரத்தநாளக் கட்டியானால் அதுவும் வேண்டாம். அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும்.