மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரும் அமுக்க விகிதமும்

யூபிலி மலருக்குப் பொறியியல் சார்ந்த கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, பொருள் தேடி யான் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. சென்ற ஆண்டு பூவரசங்குளத்தில், மன்னார் வீதியை அடுத்த வளவொன்றில், நம் பழைய மாணவர் ஒருவரின் மகன் தன் தந்தையாரின் மொறிஸ் மைனர் காரை எனக்குக் காட்டி, "சேர், றேஸ் கேம் போட்டும் வண்டி இழுக்குதில்லை, இனிக் கொம்பிறசனைக் கூட்டினால் சரிவருமோ?" என்று கேட்டார். அக்கேள்விக்கு யான் அளித்த விடையே இக்கட்டுரை.

அந்தக் காருக்கு ஒரு வரலாறு உண்டு. 1990 ஆம் ஆண்டின் பின் வன்னிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், கிடைத்த சிறிதளவு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுள் அதுவும் ஒன்று. சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை கக்கிக்கொண்டு, நள்ளிரவில் பிள்ளைப்பேற்றுக்கு உரியவர்களையும் பாம்பு தீண்டியவர்களையும் ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்ற கார் அது. தகப்பனார் காலமாகிவிட்டார். எஞ்சின் பாழானால் அவ்வீட்டார் இழப்பது வெறும் இரும்பு அன்று.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியபோது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காஸ்கெற்றுகள் இருக்கக் கண்டேன். கல்லூரி வாசலை மிதியாத ஒரு மெக்கானிக் செய்த வேலை. ஆயினும் அதில் முழுமையான பௌதிகம் இருந்தது. அதனை விளக்கினால் மற்றவை தாமே விளங்கும்.

பிஸ்டன் அடிநிலையில் நிற்கும்போது அதற்கு மேலுள்ள முழுக் கனவளவை, அது மேல்நிலையை அடைந்தபோது எஞ்சும் கனவளவால் வகுத்தால் வருவது அமுக்க விகிதம். 1956 இல் வெளிவந்த மைனர் 1000 காரின் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 62.9 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டம் 76.2 மில்லிமீற்றர். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் தள்ளும் கனவளவு ஏறக்குறைய 237 கன சென்ரிமீற்றர். இவ்வெஞ்சின் 8.3 விகிதத்திலும், தரங்குறைந்த எரிபொருளுக்கென 7.2 விகிதத்திலும் செய்யப்பட்டது. நம் கார் பிந்திய இனம். அதில் மேலே எஞ்சும் இடம் 38 கன சென்ரிமீற்றர். முக்கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டாவது காஸ்கெற் அவ்விடத்தை இரண்டரை கன சென்ரிமீற்றர் அளவில் கூட்டவே, விகிதம் 6.8 ஆகத் தாழ்ந்தது.

தாழ்த்தியது ஏன்? மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலினதைவிட மிகக் குறைந்தது. கலவை மிகுதியாக அமுக்கப்பட்டுச் சூடேறினால், பொறியிலிருந்து பரவும் சுவாலை வந்து சேருமுன் எஞ்சிய கலவை தானே வெடிக்கிறது. எஞ்சினுள் சுத்தியலால் அடிப்பதுபோற் கேட்கும் ஒலி அதுவே. கராஜில் 'நொக்கிங்' என்பர். பிஸ்டனைத் துளையிட வல்லது. ஆங்கிலப் பொறியியலாளர் ஹரி றிக்காடோ, விகிதத்தை ஓடும்போதே மாற்றத்தக்க எஞ்சின் ஒன்றை 1919 இல் அமைத்து இதனை ஆராய்ந்தார். விகிதம் உயர்ந்தால் எரிபொருளிலிருந்து பெறும் வேலை உயரும்; நொக்கிங் தொடங்குமிடமே அதன் எல்லை. இன்று நமக்கு 92, 95 ஒக்டேன் பெற்றோல்கள் கிடைப்பதால், 6.8 விகிதத்தில் ஓடுவது வீண்செலவு. இளைஞரின் ஆசை நியாயமானதே.

ஆனால் அவர் முதலில் கைவைத்தது கேம் தண்டில். அங்கேதான் பிழை நேர்ந்தது.

பாடப்புத்தகத்தில் நாம் படித்த நான்கு அடிப்பு எஞ்சினில், பிஸ்டன் அடிநிலைக்கு வந்ததும் உள்ளெடுக்கும் வால்வு மூடிவிடும். உண்மை எஞ்சினில் அவ்வாறன்று. மைனரின் வழமையான கேம் தண்டு, அடிநிலை கடந்து 45 பாகை சென்ற பின்னரே அவ்வால்வை மூடுகிறது. வேகமாக ஓடும்போது குழாய் வழியே பாயும் காற்று, பிஸ்டன் திரும்பிய பின்னும் தன் உந்தத்தால் உள்ளே புகும் என்பதே காரணம். பந்தயக் கேம் இன்னும் தாமதித்து மூடும். இளைஞர் வாங்கிப் பூட்டியது 70 பாகையில் மூடுவது.

வால்வு திறந்திருக்கும்வரை அமுக்கம் தொடங்காது. ஆகவே கடதாசியிலுள்ள விகிதம் ஒன்று. எஞ்சின் உண்மையில் உணரும் விகிதம் வேறொன்று. இணைதண்டின் நீளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டேன். 45 பாகையில் மூடினால் ஓட்டத்தில் 89 வீதம் அமுக்கத்துக்கு எஞ்சும். 70 பாகையில் 73 வீதமே எஞ்சும். எனவே 7.2 விகித எஞ்சின், வழமையான கேமுடன் மெதுவாக ஓடுகையில் 6.5 அளவையே உணர்கிறது. பந்தயக் கேமுடன் அது 5.5 ஆகிறது. இரண்டு காஸ்கெற்றுடன் மண்ணெண்ணெயில் ஓடிய நாளிற்கூட அது 6.2 அளவை உணர்ந்தது! காசு கொடுத்து வாங்கிய கேம், தடைக்காலத்தைவிட வண்டியைப் பலவீனமாக்கிவிட்டது. மணல் ஒழுங்கையில் இழுக்காததில் வியப்பென்ன?

அப்படியாயின் அந்தக் கேமுக்கேற்ப விகிதத்தை உயர்த்தலாகாதா? 92 ஒக்டேனுக்கு உகந்த 7.5 என்னும் உண்மை விகிதத்தைப் பெறுவதற்கு, கடதாசி விகிதம் 10 ஐ நெருங்க வேண்டும். தட்டைத் தலைப் பிஸ்டன் போட்டு 8.3 ஆக்கிய பின்னரும் ஹெட்டில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் சீவியாக வேண்டும். சீவிய இரும்பு மீளாது. ஹெட் மெலிந்து வெடிக்கும் அபாயமும் உண்டு. அவ்வளவும் செய்தாலும் அதன் பலன் மிகுந்த வேகத்திலேயே வெளிப்படும். பூவரசங்குளத்திலிருந்து வவுனியாச் சந்தைக்குப் போகும் காருக்கு அது எதற்கு?

அமெரிக்கரின் 'மசில் கார்' எஞ்சின்களில் இவ்விரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. 1964 இன் பொன்ரியாக் ஜீரீஓ காரின் விகிதம் 10.75. ஈயம் கலந்த உயர்தரப் பெற்றோலும், அகன்ற எஞ்சினும், தாமதித்து மூடும் கேமும் அதற்குத் துணைநின்றன. 1971 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் ஈயங்குறைந்த பெற்றோலுக்கெனத் தன் எஞ்சின்களின் விகிதத்தைத் தாழ்த்தியது; வலுவும் தாழ்ந்தது. கனடாவிலிருக்கும் நம் பழைய மாணவர் சிலர் இத்தகைய கார்களைத் திருத்துவதாக அறிகிறேன். அவர்கள் கேம் விற்பவரிடம் முதலிற் கேட்க வேண்டியது, அது வால்வை எத்தனை பாகையில் மூடுகிறது என்பதே. குதிரைவலுவைப் பிறகு கேட்கலாம்.

மைனருக்கு யாம் செய்தது இதுதான். பந்தயக் கேமைக் கழற்றி, வழமையான புதிய கேமும் புதிய தபெற்றுகளும் இட்டோம். பழைய தபெற்றைப் புதிய கேமோடு சேர்த்தால் இரண்டும் தேயும். தட்டைத் தலைப் பிஸ்டன், ஒற்றைக் காஸ்கெற். ஹெட்டைச் சமப்படுத்துமளவுக்கு மட்டுமே சீவினோம். தகன அறையின் கனவளவை ஊகிக்கவில்லை: ஹெட்டைக் கவிழ்த்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, கல்லூரி இரசாயனக் கூடத்து அளவியால் எண்ணெய் விட்டு நான்கு அறைகளையும் அளந்தோம். ஒன்றில் மட்டும் ஒரு கன சென்ரிமீற்றர் குறைந்திருந்தது. கரித்தூள் படிவே காரணம். அளவியைக் கேட்டபோது ஆய்வுகூடப் பொறுப்பாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிலிருக்கிறது.

விகிதத்தை உயர்த்தினால் பொறி விழும் நேரத்தையும் சற்றுப் பிந்தச் செய்ய வேண்டும். இளமையில் யான் இதனை மறந்து, என் சொந்த எஞ்சினில் ஒரு பிஸ்டனை உருக்கியிருக்கிறேன். இன்னுமொன்று: மண்ணெண்ணெய் முற்றாக எரியாது எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி எண்ணெயை நீர்த்துவிடும். இக்காரின் பேறிங்குகள் அதனாலேயே தேய்ந்திருந்தன, அவற்றையும் மாற்றினோம்.

புதிய கேம் இட்ட எஞ்சினை முதன்முறை இயக்கியபின் மெதுவாக ஓடவிடலாகாது. தபெற்றுகளுக்குச் சிதறும் எண்ணெய் போதாமற் போகும். நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் இருபது நிமிடம் ஓடவிட்டு, ஹெட் நட்டுகளை ஆறியபின் மீள இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்தோம். இப்போது கார் 92 ஒக்டேனில் நொக்கிங் இன்றி ஓடுகிறது. மணல் ஒழுங்கையில் இரண்டாம் கியரிலேயே ஏறுகிறது. பந்தயக் கேமை வாங்குவார் எவரேனும் இருப்பின் அவ்விளைஞர் விலை குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்.