தராசைத் தொட்ட கைகள் – 11: முத்திரையைப் பூட்டிய சனிக்கிழமை

43 ஓட்டில் நிறுத்தியிருந்தேன். 1987 ஏப்ரலில் மலேசியாவின் ஆளுங்கட்சியான அம்னோவின் தலைவர் தேர்தலில் 761-க்கு 718 என்று பிரதமர் மகாதீர் தப்பியதும், தோற்ற அணியினர் வழக்குப் போட்டதும், நீதிபதி ஹாருன் ஹாஷிம் அந்தக் கட்சியே சட்டவிரோதம் என்று சொன்னதும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் மீது சாட்டப்பட்ட குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். பார்ப்போம். ஆனால் அதற்கு முன் 1988 ஜூலை 2-ம் தேதியைத் தாண்டியாக வேண்டும். பத்து வாரமாக நான் சொல்லி வருவது அத்தனையும் அந்த ஒரே நாளுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அன்று சனிக்கிழமை. இடம், கோலாலம்பூரின் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். படத்தில் பார்த்திருப்பீர்கள்: செம்புக் கும்மட்டங்கள், வளைவு வளைவாகத் தாழ்வாரம், நடுவில் உயர்ந்த மணிக்கூண்டு. ஆங்கிலேயர் காலத்தில், 1897-ல் கட்டி முடித்தது. எதிரே, 1957-ல் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கிய திடல். மலேசியாவின் உச்ச நீதிமன்றம் அப்போது அந்தக் கட்டடத்தில்தான் இயங்கியது.

சாலே அபாஸ் ஏற்கெனவே பணியிடை நீக்கத்தில் இருந்தார். அவரை விசாரிக்க ஆறு பேர் கொண்ட தீர்ப்பாயம் நாடாளுமன்றக் கட்டடத்தில் கூடியிருந்தது. அந்த அமைப்பே முறையற்றது என்று சொல்லி அவர் அதன் முன் போகவில்லை. தீர்ப்பாயத்துக்குத் தடை கேட்டு அவருடைய வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே ஒத்திவைப்புக்கு மேல் ஒத்திவைப்பு. தீர்ப்பாயத்தின் அறிக்கை எந்த நேரமும் மாமன்னர் கைக்குப் போய்விடலாம். போய்விட்டால் அதன் பிறகு தடை கேட்பதில் அர்த்தமே இல்லை. வேறு வழியின்றி அந்தச் சனிக்கிழமை உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்.

கதவு பூட்டியிருந்தது.

ஊழியர் யாரும் மறந்து பூட்டிவிட்டுப் போகவில்லை. கதவைப் பூட்டுங்கள், நீதிமன்ற முத்திரையையும் பூட்டி வையுங்கள் என்று ஊழியர்களுக்கு உத்தரவு போயிருந்தது. உத்தரவிட்டவர், தலைமை நீதிபதியின் பொறுப்புகளைத் தற்காலிகமாகக் கவனித்துவந்த அப்துல் ஹமீட் ஒமார். சாலேவை விசாரித்த தீர்ப்பாயத்தின் தலைவரும் அவரே. சாலே போய்விட்டால் அந்த நாற்காலிக்கு அடுத்த வரிசையில் நின்றவரும் அவரே. எந்தத் தீர்ப்பாயத்துக்குத் தடை கேட்டு வந்தார்களோ, அதன் தலைவர் கையில் தடை வழங்க வேண்டிய நீதிமன்றத்தின் சாவி!

ஐந்து நீதிபதிகள் அன்று அமர்ந்தார்கள். அவர்கள் பெயரை முழுசாக எழுதியே தீர வேண்டும்: தலைமை தாங்கிய வான் சுலைமான் பவான் தே, ஜார்ஜ் சியா, அஸ்மி கமாருடின், யூசோஃப் அப்துல்காதர், வான் ஹம்சா முகமது சாலே. தீர்ப்பாயம் தன் அறிக்கையையோ பரிந்துரையையோ மாமன்னருக்கு அனுப்பக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தார்கள். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சொன்னதை உத்தரவாக்குவதில்தான் சிக்கல். தாள் இருந்தது, கையெழுத்து இருந்தது. முத்திரை இல்லை.

இந்த இடத்தில்தான் இந்த வாரம் முழுக்க என் மனம் நின்றுவிட்டது. நீதிமன்ற வாசல் ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிணை கிடைத்துவிட்டது என்று வக்கீல் வெளியே வந்து சொன்னவுடன் வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் சீல் விழுந்த உத்தரவு சிறை வாசலுக்குப் போய்ச் சேர்கிற வரை உள்ளே இருப்பவர் கைதிதான். மாலைக்குள் வராவிட்டால் இன்னொரு இரவு கம்பிக்குப் பின்னால். நீதிபதி வாயால் சொன்னதற்கும், அது நாட்டைக் கட்டுப்படுத்தும் கட்டளை ஆவதற்கும் நடுவே ஒரு குமாஸ்தாவின் மேஜையும், மை தொட்ட ஒரு முத்திரையும் இருக்கின்றன. நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கும் அதே கதிதான்.

ஒரு நாட்டின் தலைவர் நீதியில் கை வைக்கிறார் என்றதும், நள்ளிரவில் நீதிபதி வீட்டுத் தொலைபேசி மணி அடிப்பதையும் பணப்பெட்டி கைமாறுவதையும்தான் கற்பனை செய்கிறோம். அவையும் நடக்கும். ஆனால் கெட்டிக்கார அதிகாரத்துக்குத் தீர்ப்பை மாற்றி எழுதும் வேலையே தேவையில்லை. எந்த வழக்கை யார் கேட்பது, எத்தனை பேர் அமர்வது, எந்தத் தேதியில், எந்த அறையில் என்பது தன் கையில் இருந்தால் போதும்.

கடைசியில், மிகுந்த போராட்டத்துக்குப் பிறகு, முத்திரை வந்தது. உத்தரவில் பதிந்தது. தடை உத்தரவு தீர்ப்பாயத்திடம் போய்ச் சேர்ந்தது. நான்கு நாள் கழித்து, ஜூலை 6-ம் தேதி, அந்த ஐந்து நீதிபதிகளும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் வேறு அமர்வு அமைத்துத் தடை விலக்கப்பட்டது.

ஐவர் மீதும் வந்த முக்கியக் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? தற்காலிகத் தலைமை நீதிபதியின் அனுமதியில்லாமல் நீதிமன்றத்தைக் கூட்டினார்கள் என்பது. அந்த அனுமதியை யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜூலை 2-க்கு ஐந்து வாரம் பின்னால் போனால் இதன் வேர் தெரியும். அம்னோ வழக்கில் தோற்ற அணியின் பதினொரு பேர் மேல்முறையீடு செய்திருந்தார்கள். அவர்கள் ஜெயித்தால் பழைய அம்னோ உயிர் பெறும். 43 ஓட்டுத் தேர்தல் மறுபடி நடக்க வேண்டிவரும். பிரதமர் நாற்காலி ஆடும். இவ்வளவு கனமான வழக்கைச் சிறிய அமர்வு கேட்பது சரியில்லை என்று சாலே அபாஸ் முடிவு செய்தார். ஒன்பது நீதிபதிகள் அமர வேண்டும் என்று சொல்லி, 1988 ஜூன் 13 என்று தேதியும் குறித்தார். அந்தத் தேதி வருவதற்குள், மே 27-ம் தேதி, பிரதமர் அவரைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். துணைப் பிரதமர் கபார் பாபாவும் அரசின் தலைமைச் செயலாளரும் உடன் இருந்தார்கள். பதவியை விட்டு விலகிக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. மறுநாள் ராஜினாமா கொடுத்த சாலே, யோசித்துப் பார்த்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தீர்ப்பாயம் வந்தது. ஒன்பது பேர் அமர்வு போனது. ஜூன் 13-ம் போனது.

ஆகஸ்ட் 8-ம் தேதி சாலே அபாஸின் பதவி பறிபோனது. ஆகஸ்ட் 9-ம் தேதி அம்னோ மேல்முறையீடு தள்ளுபடியானது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்த பிறகு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. வழக்கைத் தோற்கடித்த அமர்வில் இருந்தவர்கள் மனசாட்சிப்படியே தீர்ப்பு எழுதியிருக்கலாம். எந்த அமர்வு கேட்பது என்ற முடிவுதான் மாறியது. அந்த மாற்றமே போதுமானதாக இருந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் போனால் அந்த நாட்களின் காற்று உங்களுக்குத் தெரியாது. 1987 அக்டோபரில் ‘லாலாங் நடவடிக்கை’ என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங், தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர்களான பி. பட்டு, வி. டேவிட், வழக்கறிஞர் கர்ப்பால் சிங் எல்லாரும் உள்ளே. கர்ப்பால் ஆட்கொணர்வு மனு போட்டார். 1988 மார்ச் 9-ம் தேதி ஈப்போ உயர் நீதிமன்ற நீதிபதி பே சுவீ சின், அவரைக் காவலில் வைத்தது செல்லாது என்று விடுவித்தார். சில மணி நேரம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. அன்றே புது உத்தரவில் மறுபடி பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்! தீர்ப்பை யாரும் மீறவில்லை. மதித்து, விடுவித்து, திரும்பப் பிடித்தார்கள்.

அதே மாதம் அரசியல் சட்டத்தின் 121-வது பிரிவு திருத்தப்பட்டது. நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உரியது என்றிருந்த வாசகம் நீக்கப்பட்டு, நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் என்ன அதிகாரம் தருகிறதோ அதுவே நீதிமன்றத்தின் அதிகாரம் என்றானது. கோலாலம்பூரில் இருந்த நீதிபதிகள் இருபது பேர் மார்ச் 25-ம் தேதி கூடிப் பேசி, பிரதமர் நீதித்துறையைத் தாக்கிப் பேசிவருவது பற்றி மாமன்னருக்குக் கடிதம் எழுதுவதென்று முடிவெடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் அப்துல் ஹமீட் ஒமாரும் இருந்தார். பிறகு அந்தக் கடிதமே சாலே அபாஸ் மீதான குற்றச்சாட்டு ஆனது. கூட்டத்தில் உடன் உட்கார்ந்திருந்தவர் தீர்ப்பாயத் தலைவர் ஆனார்.

தீர்ப்பாயத்தின் ஆறு பேரில் இருவர் வெளிநாட்டு நீதிபதிகள்: இலங்கையிலிருந்து கே.ஏ.பி. ரணசிங்க, சிங்கப்பூரிலிருந்து டி.எஸ். சின்னத்துரை. நம் பெயர் ஒன்று அந்தப் பக்கம் இருந்தது என்றால், இன்னொரு பெயர் எதிர்ப்பக்கம் இருந்தது. 1986 முதல் 1988 வரை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராக இருந்தவர் பரம் குமாரசாமி. நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரத்தைக் கண்காணிக்க ஐ.நா. 1994-ல் முதன்முறையாகச் சிறப்பு அறிக்கையாளர் ஒருவரை நியமித்தபோது அந்தப் பொறுப்புக்கு வந்தது இவர்தான். மலேசிய நீதித்துறை பற்றி ஒரு சஞ்சிகைக்குச் சொன்ன கருத்துக்காகச் சொந்த நாட்டிலேயே அவர் மீது அவதூறு வழக்குகள் பாய்ந்தன. விவகாரம் ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை போனது. ஐ.நா. பொறுப்பில் இருந்து பேசியதற்காக அவர் மீது வழக்கு நடத்த முடியாது என்று 1999-ல் அந்த நீதிமன்றம் கருத்துரைத்தது. அவர் கதைக்குத் தனி அத்தியாயம் தர வேண்டும், தருவேன்.

ஐந்து நீதிபதிகளில் மூவர் பணிக்குத் திரும்பினார்கள். வான் சுலைமானும் ஜார்ஜ் சியாவும் அந்த ஆண்டே பதவி நீக்கப்பட்டார்கள். கதவைத் திறக்கச் சொன்னதற்குக் கொடுத்த விலை அது. இருபது ஆண்டு கழித்து, 2008-ல், பிரதமர் அப்துல்லா படாவி சாலேவையும் சேர்த்து ஆறு நீதிபதிகளுக்கும் கருணைத் தொகை அறிவித்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அதில் வரவில்லை.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் இந்தத் தொடரை வாசிப்பதாக அறிகிறேன். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த நாட்டிலும் நீதிமன்றத்தின் சுதந்திரம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தீர்ப்புகளை வாசிப்பதற்கு முன் வழக்குப் பட்டியலை வாசியுங்கள். எந்த வழக்கு யாரிடம் போகிறது, எது எத்தனை மாதம் பட்டியலில் ஏறாமலே கிடக்கிறது என்று பாருங்கள். தீர்ப்பு எழுதுகிறவருக்குக் காரணம் சொல்லும் கடமை இருக்கிறது. பட்டியல் போடுகிறவர் எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அதிகாரத்தின் கை எப்போதும் அந்தப் பக்கம் நீள்கிறது.

குற்றச்சாட்டுகள் அடுத்த வாரம், கட்டாயம். ஒரு நீதிபதி பொது மேடையில் பேசியதும், மாமன்னருக்குக் கடிதம் எழுதியதும் பதவி பறிக்கும் அளவுக்குக் குற்றமா என்ற கேள்விக்கு, இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான குழு 2008-ல் கொடுத்த பதிலிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)