முதிய நாய்க்கு ஒரு சாய்வுப் பலகை

தென்காசி வட்டாரத்தில் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களை ஆசையாக வளர்ப்பவர்கள் பலர். ஒரு காலத்தில் திண்ணையைத் தாவிக் கடந்த நாய், வயதானதும் வாசற்படியில் முன்கால்களை வைத்துவிட்டு, பின்கால்களைத் தூக்க முடியாமல் தயங்கி நிற்கும். பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமே காரணம்.

இதற்கு, எடுத்து வைக்கக்கூடிய சாய்வுப் பலகை நல்ல துணை. படியின் உயரத்தைப்போல் 3 மடங்காவது பலகை நீளமாக இருக்கட்டும். ஒன்றரை அடி உயரத்துக்கு நாலரை அடிப் பலகை. நாயின் எடையைத் தாங்க வேண்டும். ஆடவோ நகரவோ கூடாது. குற்றாலச் சாரல் காலத்தில் வெறும் பலகை வழுக்கும். மேலே ரப்பர் விரிப்பையோ கயிற்றுப் பாயையோ இறுக்கமாக ஆணியடித்து, ஆணித்தலை வெளியே நீட்டாமல் பாருங்கள். இரு ஓரமும் சிறு சட்டம் அடித்தால் கால் நழுவாது.

முதலில் பலகையைத் தரையில் கிடத்தி நடக்கப் பழக்குங்கள். பிறகு மெல்ல உயர்த்துங்கள். இழுக்க வேண்டாம், பிடித்த தீனியைக் காட்டி அழையுங்கள்.

நாய் நொண்டினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரை நாயின் உயிருக்கே ஆபத்து. அதை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.