பவளப் பாறைகளைப் பேணுவோம்

பவளப் பாறை வெறுங் கல்லன்று. சின்னஞ்சிறு கடலுயிர்கள் பல நூற்றாண்டுகளாகச் சுண்ணாம்பால் எழுப்பிய இல்லமாகும். அவ்வுயிர்களின் உடலில் வாழும் பாசி, கதிரவன் ஒளியால் உணவாக்கி அவற்றுக்கு ஊட்டுகிறது. நீர் கலங்கி ஒளி குன்றினால் பவளம் நலியும். அதனை அண்டி வாழும் மீன்களும் ஆமைகளும் அருகும்.

நம் மலாக்கா நீரிணையில், போர்ட்டிக்சன் கடலோரத்தே பவளப் பாறைகள் உள்ளன. மலாக்கா மாநிலக் கரையில் முட்டையிடும் அழுங்காமை, அழிவின் விளிம்பில் உள்ளதென 1996ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது.

பிரிக்பீல்ட்ஸ் அருகே ஓடும் கிள்ளான் ஆறும் அந்நீரிணையிலேயே கலக்கிறது. நாம் கால்வாயில் எறியும் பிளாஸ்டிக் பையும், மரமழித்த நிலத்திலிருந்து மழை அரித்துவரும் மண்ணும் கடலைச் சேர்கின்றன. பையை உணவென விழுங்கும் ஆமை மடியக்கூடும். மண் படிந்தால் பவளம் மடியும்.

ஆகவே, குப்பையைத் தொட்டியில் இடுவோம். ஆற்றோரச் செடிகொடிகளை வெட்டாது காப்போம். கரையின் தூய்மையே கடலின் காவல்.